அடுத்த ஒண்டு என்ன?

ஸ்காபரோவில் லிங்க் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்காகக் கனடா மத்திய அரசின் பணத்தில் இலவசமாக நடக்கிற வகுப்பு. போன பனிக்காலம் அதில் 58 வயது அக்கா ஒருவர் இருந்தார். குடியுரிமைக்கு மொழிச் சான்று கேட்பது 18 முதல் 54 வயது வரை உள்ளவர்களிடம்தான். ஆக, அக்காவுக்கு ஒரு கட்டாயமும் இல்லை. பேத்தியைப் பள்ளியில் விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, தன் விருப்பத்தில் வந்தார்.

ஒருநாள் பயிற்சி, வீட்டுக்காரருக்குக் குறிப்பு எழுதுவது. "ஹீட்டர் இஸ் நாட் வேர்க். மை ஹவுஸ் வெரி கோல்ட். பிளீஸ் கம் டுடே" என்று எழுதியிருந்தார். நான் சிவப்புப் பேனையால் எழுத்துப் பிழை, விடுபட்ட சொல், முற்றுப்புள்ளி என்று ஒன்றும் மிச்சம் வைக்காமல் திருத்திக் கொடுத்தேன். அக்கறையோடுதான் செய்தேன். அடுத்த இரண்டு கிழமை அக்கா வரவில்லை.

போன் எடுத்தேன். "இல்லை ரீச்சர், பேத்தி தாளைப் பாத்திட்டு, 'அம்மம்மா, எல்லாமே பிழையோ?' எண்டு கேட்டிட்டாள். எனக்கு இனி இது ஏறாது, விடுங்கோ."

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் குறிப்பு எந்த வீட்டுக்காரருக்கும் விளங்கும். அதை நான் ஓரிடத்திலும் எழுதவில்லையே! எங்கள் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு உண்டு. செய்த பயிற்சிகளும் ஆசிரியர் குறிப்புகளும் அதில் சேரும். எழுதியதால் காரியம் நடக்குமா என்பதை முதலில் பார், இலக்கணம் பிறகு என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். பேனை கைக்கு வந்ததும் மறந்துபோச்சு. ஊரில் நாங்கள் படித்த விதம் அப்படி. எத்தனை பிழை என்றுதானே எண்ணினார்கள்.

கெஞ்சி வரவழைத்தேன். புதுத் தாளில் தமிழிலேயே எழுதினேன்: "என்ன பழுது, எவ்வளவு அவசரம், என்ன செய்யவேணும், மூண்டும் விளங்குது. அடுத்த முறைக்கு ஒண்டே ஒண்டு: 'வேர்க்' இல்லை, 'வேர்க்கிங்'." வெறும் 'வெரி குட்' போட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார். நாலு பிள்ளை வளர்த்தவருக்கு ஆறுதல் வார்த்தை எது என்று தெரியாதா?

பங்குனியில், டாக்டரிடம் நேரம் மாற்றிக் கேட்கும் குறிப்பு. எழுதி முடித்ததும் அக்காவே கோப்பிலிருந்து அந்தச் சிவப்புத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"பாருங்கோ ரீச்சர், இந்த 'இங்' இப்ப தானா வருது. சரி, அடுத்த ஒண்டு என்ன?"