சர்க்கரை குறைந்தது, பலம் எங்கே?

நீரிழிவு கண்ட வீட்டில் பேச்சு முழுவதும் சர்க்கரையைப் பற்றியதாகவே இருக்கிறது. மாடிப்படி ஏறுகையில் கால் தளர்வதையும், தரையிலிருந்து எழக் கையூன்றுவதையும் "வயதாகிவிட்டது" என்று சொல்லித் தள்ளிவிடுகிறோம். வயது ஒரு காரணந்தான். அதுவே முழுக் காரணமன்று.

உண்டபின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது நமது தசைகளே. அவற்றின் கதவைத் திறப்பது இன்ஸுலின். தசை கரையாமல் காப்பதும் அதுவே. இரண்டாம் வகை நீரிழிவில் இன்ஸுலின் இருந்தும் தசை அதற்குச் செவிசாய்ப்பதில்லை. அதனால் தசை மெலிகிறது. மெலிந்த தசையோ இன்னும் குறைவாகவே சர்க்கரையை ஏற்கிறது.

இதற்கு மருந்து இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். சர்க்கரையை அடக்கும் மருந்துகள் பல உண்டு. ஆனால் அவை பலம் தரும் மருந்துகள் அல்ல. மெட்பார்மினை நெடுநாள் உண்போர் சிலருக்கு பி-12 வைட்டமின் குறைந்து நரம்பு தளர்வதுண்டு. இரத்தப் பரிசோதனையால் அதை அறிந்து சரிசெய்யலாம். எடையைக் குறைக்கும் செமாக்ளூடைட், கொழுப்போடு தசையிலும் ஒரு பங்கைக் கரைக்கிறது.

தசையை வளர்க்கவென்றே பிமாக்ரமாப் என்னும் மருந்தைச் சோதித்தார்கள். 2021இல் வெளியான ஆராய்ச்சியில், உடல் பருத்த நீரிழிவு நோயாளிகளுக்கு 48 வாரங்களில் கொழுப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. கொழுப்பற்ற உடற்பகுதி 3.6 சதவீதம் கூடியது. ஆனால் தசை மெலிந்த முதியோரிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட சோதனையைக் கவனியுங்கள். மருந்து பெற்றோருக்கும் பெறாதோருக்கும் ஒரே விதமாகச் சத்துணவும் தேகப்பயிற்சியும் அளித்தார்கள். மருந்து பெற்றோரின் தசை பெருகிற்று. நடக்கும் திறனிலோ இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவுதான் முன்னேறினார்கள்!

ஆகவே, டானிக்கைத் தேடுமுன் வைத்தியரைக் கேட்டு அப்பியாசத்தைத் தொடங்குவோம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்தல், சிறு பளுவைத் தூக்குதல் ஆகியவற்றை வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்யலாம். பருப்பு, பால், முட்டை போன்ற புரத உணவு வேண்டும். சிறுநீரகக் கோளாறுள்ளோர் அதன் அளவை வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும். இன்ஸுலின் போட்டுக்கொள்வோருக்குப் பயிற்சியின்போது சர்க்கரை மிகவும் தாழக்கூடும், எச்சரிக்கை அவசியம். எந்த மருந்தையும் தாமாக நிறுத்துவது ஆபத்து. திடீரென்று ஒரு கையோ காலோ தளர்ந்தால் அரை நாழிகையும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்க.

அடுத்த முறை வைத்தியரிடம் சர்க்கரைக் கணக்கைக் காட்டும்பொழுது, "எழுந்து நடக்கப் பலம் இருக்கிறதா?" என்பதையும் சேர்த்துப் பேசுவோம். வீட்டுப் பெரியவர்கள் பிறர் கையை எதிர்பாராமல் நடமாடுவது அதைப் பொறுத்தது.