குணமான பின்னும் மூச்சு வாங்குவது ஏன்?

காசநோய்க்கு ஆறு மாதம் தவறாமல் மருந்துண்டு, சளியில் கிருமி இல்லை என்று மருத்துவரே சொல்லிவிட்ட சிலர், திருச்சுழிப் பக்கத்துக் காட்டில் விறகுக் கட்டைத் தூக்கி நாலடி வைத்ததும் இளைத்து நிற்பதுண்டு. ‘நோய்தான் தீர்ந்ததே, சோம்பல்’ என்பர் சிலர். ‘இன்னும் ஒட்டும்’ என்று விலகிப் போவர் வேறு சிலர். இரண்டும் தவறு.

மருந்து கிருமியைக் கொல்கிறது. கிருமி அரித்த நுரையீரலைப் புதிதாக்குவதில்லை. புண் ஆறிய இடத்தில் தழும்பு கட்டுகிறது. சிலருக்கு மூச்சுக்குழல்கள் சுருங்கியோ தொய்ந்தோ போகின்றன.

ஓய்வாக இருக்கையில் நிமிடத்திற்கு 6 முதல் 8 லிட்டர் காற்றே நமக்குப் போதும். கடுமையாக ஓடும்போது அது 100 லிட்டரைத் தாண்டவும் கூடும். அப்போதும் நல்ல நுரையீரலில் சற்றுக் கையிருப்பு மிஞ்சும். முதலில் களைப்பவை இதயமும் கால்களுமே. தழும்பேறிய நுரையீரலிலோ கையிருப்பு குறைவு. ஆகவே உட்கார்ந்திருக்கையில் தெரியாத குறை மேடேறினால் தெரிகிறது. மேலும், சுருங்கிய குழல் வழியே காற்று முழுவதும் வெளிவருமுன் அடுத்த மூச்சு வந்துவிடுகிறது. பாதி நீருள்ள குடத்தில் மேலும் ஊற்றுவது போலத்தான், புதுக்காற்றுக்கு இடமேது?

வீட்டிலிருந்தே மருந்துண்டாலும் சானடோரியத்தில் தங்கியவர்க்கு நிகராகக் குணம் காணலாம் என்று, 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் 1959இல் உலகுக்குக் காட்டியது. அன்று பிழைப்பதே பெரும் வினா. பிழைத்தவர் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதையும் இன்று அளக்கிறார்கள்: 30 மீட்டர் தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் நடக்கச் செய்து, தூரத்தையும், விரலில் மாட்டிய கருவியால் இரத்தத்திலுள்ள பிராணவாயுவையும் பார்ப்பார்கள்.

மேனாட்டாரிடம் மிகுதியாகக் காணும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோயிலும் ஏறக்குறைய இதே கதைதான். 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கூட்டு மருந்து பலருக்கு மூச்சை எளிதாக்கியது. முன்பே சிதைந்த குழல்கள் மட்டும் முழுதும் பழையபடி ஆவதில்லை.

அதற்காகத் திண்ணையிலேயே இருத்தி வைப்பது வைத்தியமன்று. இருக்க இருக்கக் கால் தளரும். தளர்ந்த கால் இன்னும் அதிக மூச்சு கேட்கும். மருத்துவர் சொற்படி மெல்ல நடந்து, நாளடைவில் தூரத்தைக் கூட்டலாம். உதட்டைக் குவித்து, விளக்குச் சுடர் அணையாமல் அசையுமளவு மெதுவாக ஊதினால், தேங்கிய காற்று வெளியேறும். பீடி, விறகடுப்பு, கரிமூட்டம் இவற்றின் புகை ஆகவே ஆகாது. அருப்புக்கோட்டை நூற்பாலை வேலையாயின் பஞ்சுத் தூசியும் அப்படியே. இரண்டு வாரத்திற்கு மேல் இருமலோ, மாலைக் காய்ச்சலோ, எடைக்குறைவோ கண்டால், தழும்பின் வேலை என்றிராமல் அரசு மருத்துவமனையில் சளியை மீண்டும் சோதிக்க வேண்டும்.