குவாரிக்குப் பக்கத்தில் இயற்கை விவசாயம்

நான் குடியிருக்கும் கோவிலம்பாக்கத்துக்குக் கல்குவாரி புதுசு இல்லை. திரிசூலம், பல்லாவரம், நன்மங்கலம் என்று சுற்றிலும் பாறையைக் குடைந்து சென்னைக்கு ஜல்லி போனது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்ததே பல்லாவரத்துச் சரளைக் குழி ஒன்றில்தான். நன்மங்கலம் காப்புக்காட்டில் கைவிட்ட பள்ளங்களில் இன்று தண்ணீர் நிற்கிறது. பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை குடும்பம் நடத்துகிறது. 2017 வறட்சியில் மாங்காடு அருகே சிக்கராயபுரம் குவாரித் தண்ணீரை எடுத்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து, நகரத்துக்கே குடிக்கக் கொடுத்தார்கள்.

அப்போ குவாரி நல்லதுதானே என்று கிளம்பிவிட வேண்டாம். அது மூடிய குவாரியின் கதை. ஓடுகிற குவாரியில் அதே ஊற்றுத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து வெளியே விடுவார்கள். பக்கத்துக் கிணறுதான் முதலில் இறங்கும்.

உத்திரமேரூர் பக்கம் எனக்கு மூன்றரை ஏக்கர். மேற்கே ஒரு குவாரியும் கிரஷரும். "சார், அங்கே போய் இயற்கை விவசாயமா?" என்று கேட்காத நண்பர் இல்லை. செய்யலாம், ஆனால் வேலை கூடுதல்.

இலையில் படிகிற தூசு வெயிலை மறைக்கும், இலைத்துளைகளை அடைக்கும். அதைவிடப் பெரிய தொல்லை செஞ்சிலந்தி. தூசு படிந்த இலையில் அதைத் தின்னும் நல்ல பூச்சிகள் சரியாக நடமாட முடியாது, செஞ்சிலந்தி பெருகிவிடும். கத்தரியிலும் வெண்டையிலும் இலையின் அடிப்பக்கம் பாருங்கள். தூசு மேல் பஞ்சகவ்யம் தெளித்தால் பாதி வீண். முதல் நாள் வெறும் தண்ணீரால் கழுவிவிட்டு, மறுநாள் தெளிக்கிறோம்.

வேலிக்கு மதில் சுவர் வேண்டாம். காற்று சுவரைத் தாண்டிக் குதித்து உள்ளே தூசைக் கொட்டும். கொஞ்சம் காற்றை விட்டு, வேகத்தைக் குறைக்கிற உயிர்வேலிதான் சரி. வெளியே சவுக்கு, நடுவே நாவலும் வேம்பும், உள்ளே கிளைரிசிடியா வைத்திருக்கிறோம். தேக்கு சொன்னார்கள், மறுத்துவிட்டேன். கோடையில் தூசு அதிகம். அப்போது தேக்கில் இலையே இருக்காது. எங்களுக்கு ஆனி, ஆடி மேல்காற்றுதான் பகை. உங்கள் குவாரி எந்தத் திசை என்று பார்த்து நடுங்கள்.

அடுத்தது காகிதம். முப்பது வருஷம் கடன் கோப்பு பார்த்த பழக்கம், நிபந்தனைப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன். சிறு கனிமங்களில் 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் தீபக் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. அந்த அனுமதிக் கடிதத்தைப் பரிவேஷ் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தூசுக்குத் தண்ணீர் தெளிப்பு, லாரிக்குத் தார்ப்பாய், வெடி வைக்கும் நேரம், எல்லையில் மரம், எல்லாம் அதில் நிபந்தனையாக வரும். கிரஷருக்குத் தனிக் கணக்கு: இயந்திரத்திலிருந்து 3 முதல் 10 மீட்டருக்குள் தூசு கனமீட்டருக்கு 600 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது.

காகிதம் கையில் இருந்தும் ஊர்க்கூட்டத்தில் நான் வாயடைத்துப் போனேன். "ஐயா, குவாரிய மூடிட்டா எம் பையனுக்கு நீங்க வேலை குடுப்பீங்களா?" என்று ஓர் அம்மா கேட்டார். என் களத்தில் இரண்டு பேருக்குத்தான் தினக்கூலி. அதனால் மூடச் சொல்லி மனு கொடுக்கவில்லை. நிபந்தனைகளை நிறைவேற்றச் சொல்லித்தான் மாவட்ட விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தோம். கையெழுத்துப் போட்டவர்களில் லாரி ஓட்டுகிறவர்களும் உண்டு. அந்தத் தூசை முதலில் சுவாசிக்கிறவர்கள் அவர்கள்தானே.

இப்போது பாதைக்குத் தண்ணீர் அடிக்கிறார்கள், நாம் நினைவூட்டினால். தார்ப்பாய் பகலில் இருக்கிறது, விடியற்காலையில் இருப்பதில்லை. குவாரியில் இறைக்கும் தண்ணீரை வாய்க்காலில் விடுகிறோம் என்றார்கள். வெடிமருந்தில் அம்மோனியம் நைட்ரேட் உண்டு. பரிசோதிக்காமல் அந்தத் தண்ணீரை வயலில் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

கிணறுதான் இன்னும் தீரவில்லை. அமாவாசைக்கு அமாவாசை கயிறு விட்டு அளந்து, தேதி போட்டு எழுதுகிறோம். என் கிணறு மட்டுமல்ல, சுற்றியுள்ள ஐந்து கிணறுகளும். மழை அளவும் அதே நோட்டில் இருக்கிறது. குத்தகை நீட்டிப்புக்கு வரும்போது ஆட்சியர் அலுவலகத்துக்கு அந்த நோட்டோடு போவதாக இருக்கிறோம்.