மனைவி உயிரோடு இருக்க, அனுதாபக் கடிதங்கள் குவிந்தன! “பென்ஹர்” நாவல் பிறந்த கதை

கணவர் நாவல் ஆசிரியர். மனைவி நல்ல சுகத்தோடு வீட்டில் இருக்கிறார். ஆனால் தபாலில் வரும் கடிதங்களோ, மனைவியை இழந்த துக்கத்தைத் தாங்கிக்கொள்ளும்படி கணவருக்கு ஆறுதல் சொல்கின்றன!

இன்னும் சில கடிதங்கள் வந்தன. அவற்றை எழுதியவர்கள் பெண்கள். “இரண்டாம் தாரமாக வர நாங்கள் தயார்” என்பதுதான் அவற்றின் சாரம்!

இந்த வேடிக்கை நடந்தது அமெரிக்காவில். அந்த நாவல் ஆசிரியரின் பெயர் லூ வாலஸ். அவர் எழுதிய நாவல் “பென்ஹர்”.

“பென்ஹர்” என்றதும் பலருக்குச் சினிமா நினைவுக்கு வரும். நான்கு குதிரைகள் பூட்டிய ரதங்கள் புழுதி கிளப்பிப் பறந்து வரும் பந்தயக் காட்சியை யாரால் மறக்க முடியும்? 1959-ம் ஆண்டு வெளிவந்த அந்தப் படம் 11 ஆஸ்கார் பரிசுகளை அள்ளியது. ஆனால் படத்துக்கு மூலமான நாவல் பிறந்த கதை பலருக்குத் தெரியாது. அதுவும் ஒரு நாவலைப் போன்றதுதான்.

தீராத பழி

லூ வாலஸ் 1827-ம் ஆண்டு அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் பிறந்தார். அவருக்கு 7 வயது ஆனபோது தாயார் இறந்துவிட்டார். தந்தை அந்த மாநிலத்தின் கவர்னராக இருந்தவர்.

வாலஸ் வக்கீல் தொழில் செய்தார். 1852-ல் சூசன் என்ற பெண்ணை மணந்தார். சூசன் நன்கு படித்தவர், பத்திரிகைகளில் எழுதியவர். இருவரும் கிராபோர்ட்ஸ்வில் என்ற சிறிய ஊரில் வாழ்ந்தார்கள்.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமைகளை வைத்திருந்த தெற்கு மாநிலங்கள் பிரிந்து போயின. வடக்கு மாநிலங்கள் அவற்றோடு போரிட்டன. வாலஸ் வடக்குப் படையில் சேர்ந்தார். மறு ஆண்டே “மேஜர் ஜெனரல்” ஆனார். அப்போது அவருக்கு வயது 34. அந்தப் படையில் அவ்வளவு இளம் வயதில் அந்தப் பதவியில் வேறு யாரும் இல்லை.

ஆனால் அதே ஆண்டில் இடி விழுந்தது.

1862 ஏப்ரல் 6-ந் தேதி. ஷைலோ என்ற இடத்தில் எதிரிகள் திடீர் என்று பாய்ந்து தாக்கினார்கள். சில மைல் தூரத்தில் தன் படையோடு இருந்த வாலசுக்கு, “உடனே வரவும்” என்று தலைமைத் தளபதி கிராண்ட் உத்தரவு அனுப்பினார். எந்தப் பாதையில் வருவது என்பதில் குழப்பம் ஏற்பட்டது. வாலஸ் ஒரு பாதையில் படையை நடத்திச் சென்றார். பாதி வழி போன பிறகுதான், அந்தப் பாதை எதிரிகள் பக்கம் கொண்டுபோய் விடும் என்று தெரிந்தது. திரும்பி, வேறு வழியாக நடந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அன்றைய போர் முடிந்துவிட்டது.

இரண்டு நாள் போரில் இருதரப்பிலும் செத்தவர்கள், காயம் அடைந்தவர்கள், காணாமல் போனவர்கள் சேர்த்து 23 ஆயிரம் பேருக்கு மேல். நாடே துடித்தது. “வாலஸ் நேரத்தோடு வந்திருந்தால்...” என்று பலரும் பேசினார்கள். பழி அவர் தலையில் விழுந்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, மொனாக்கசி ஆற்றங்கரையில் சிறிய படையை வைத்துக்கொண்டு, தன்னைவிட இருமடங்கு பெரிய எதிரிப் படையை ஒருநாள் முழுவதும் வாலஸ் தடுத்து நிறுத்தினார். அந்த ஒருநாள் தாமதத்தால் தலைநகரம் வாஷிங்டன் தப்பியது. இருந்தும் ஷைலோ பழி முழுவதும் கழுவப்படவில்லை. அது அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது.

ரெயிலில் ஒரு விவாதம்

போர் முடிந்தது. வாலஸ் மீண்டும் வக்கீல் தொழிலுக்கு வந்தார். ஓய்வு நேரத்தில் கதை எழுதினார். முதல் நாவல் 1873-ல் வெளிவந்தது.

பிறகு, பாலன் ஏசுவைத் தேடி வந்த மூன்று ஞானிகளைப் பற்றி ஒரு சிறிய கதை எழுதினார். ஏதாவது பத்திரிகைக்கு அனுப்பலாம் என்பது எண்ணம். பக்தியால் எழுதியது அல்ல. அந்தச் சம்பவத்தின் அழகுக்காக எழுதியது. அந்தக் காலத்தில் கடவுளைப் பற்றி அவர் அதிகம் நினைத்ததே இல்லை. இதை அவரே பிற்காலத்தில் ஒளிக்காமல் சொல்லி இருக்கிறார்.

1876-ம் ஆண்டு. பழைய போர்வீரர்கள் கூடும் விழாவுக்காக வாலஸ் ரெயிலில் போய்க்கொண்டிருந்தார். அதே ரெயிலில் இங்கர்சால் வந்தார். நாத்திகப் பேச்சில் அவருக்கு இணை அமெரிக்காவில் இல்லை என்று பெயர் வாங்கியவர் அவர். அவரும் ஷைலோ போரில் இருந்தவர். வாலசைத் தன் அறைக்கு அழைத்தார்.

“கடவுள் உண்டா? மறுஉலகம் உண்டா? ஏசு யார்?” — இவற்றைப் பற்றிப் பேசுவது என்றால் வருகிறேன் என்றார், வாலஸ். இங்கர்சால் பேசினார். மடை திறந்த வெள்ளம் போலப் பேசினார். ரெயில் நிற்கும்வரை பேச்சு நிற்கவில்லை.

வாலஸ் இறங்கினார். வண்டி இருந்தும் ஏறவில்லை. இருட்டில் தனியாக நடந்தார். அவர் மனதில் ஒரு வெட்கம். இங்கர்சால் சொன்னதை ஏற்கவும் தெரியவில்லை, மறுக்கவும் தெரியவில்லை. 50 வயதை நெருங்கும் மனிதன், இவ்வளவு பெரிய விஷயத்தில் ஒன்றுமே தெரியாமல் இருக்கிறேனே என்று வேதனைப்பட்டார்.

“இனி நானே படித்துத் தெரிந்துகொள்வேன்” என்று தீர்மானித்தார். வெறுமனே படிப்பதைவிட, எழுதுவதற்காகப் படித்தால் சோர்வு வராது. வீட்டில் கிடந்த மூன்று ஞானிகள் கதை நினைவுக்கு வந்தது. அதையே முதல் பாகமாக வைத்து, ஏசுநாதர் காலத்தைப் பற்றி ஒரு பெரிய நாவல் எழுதத் தொடங்கினார்.

காணாத ஊர்

வாலஸ் அதுவரை பாலஸ்தீனத்தைக் கண்ணால் கண்டது இல்லை. அந்த நாட்டின் பெரிய வரைபடத்தை வாங்கி வைத்துக்கொண்டார். எந்த ஊர், எந்த மலை, எந்தக் கணவாய், எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். வாஷிங்டன் முதலிய நகரங்களின் நூல்நிலையங்களுக்குப் போய்ப் பழைய ரோமானியக் கப்பல்கள், ஆடைகள், பழக்கவழக்கங்கள் எல்லாவற்றையும் தேடிப் படித்தார். தன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பெரிய மரத்தின் நிழலில் உட்கார்ந்து எழுதினார்.

கதாநாயகன் யூதா பென்ஹர், ஜெருசலேம் நகரத்துப் பணக்கார யூத இளைஞன். ரோமானிய கவர்னர் வீதியில் போகும்போது, மாடியில் இருந்து ஓடு ஒன்று தவறி அவர் மீது விழுகிறது. “கொல்லப் பார்த்தான்” என்று பழி சுமத்துகிறார்கள். பால்ய நண்பன் மெசாலாவே காட்டிக் கொடுக்கிறான். பென்ஹரைத் துடுப்புத் தள்ளும் அடிமையாகக் கப்பலுக்கு அனுப்புகிறார்கள். தாயும் தங்கையும் சிறையில் தொழுநோய்க்கு ஆளாகிறார்கள். வழியில் தாகத்தால் துடித்த பென்ஹருக்கு, ஒரு தச்சர் மகன் தண்ணீர் கொடுக்கிறார். அவர்தான் ஏசுநாதர். பழிவாங்கத் துடித்த நெஞ்சு கடைசியில் மன்னிக்கக் கற்றுக்கொள்வதே கதை.

செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்தவனின் வேதனையை எழுத, வாலஸ் வேறு எங்கும் போய்த் தேட வேண்டியது இல்லை!

துப்பாக்கிக்குப் பயந்து...

1878-ல் வாலஸ் நியூமெக்சிகோ பகுதிக்கு கவர்னர் ஆனார். அப்போது அங்கே துப்பாக்கிதான் சட்டம். பேர்போன கொலைகாரன் “பில்லி தி கிட்” நடமாடிய காலம் அது. 1879-ல் வாலஸ் அவனை இரவில் ரகசியமாகச் சந்தித்துப் பேசியும் இருக்கிறார்.

பகல் எல்லாம் சர்க்கார் வேலை. இரவில் எழுத்து. சான்டாபே நகரில் மண் சுவரால் கட்டிய பழைய கவர்னர் மாளிகையில், விளக்கு வெளிச்சத்தில் எழுதினார். வெளியே இருந்து யாராவது சுட்டுவிடக்கூடாதே என்று ஜன்னல் கதவுகளை அடைத்துவிட்டு எழுதினார். ஏசுநாதர் சிலுவையில் உயிர்விடும் காட்சி அந்த அறையில்தான் உருவானது.

கடைசிப் பிரதியை ஊதா நிற மையில் அழகாக எழுதி முடித்தார். 1880-ல் அதைத் தன் கையாலேயே நியூயார்க் கொண்டுபோய், “ஹார்ப்பர்” பதிப்பகத்தாரிடம் கொடுத்தார்.

பதிப்பகத்தாருக்குத் தயக்கம். ஏசுநாதரை நாவலில் கொண்டுவந்தால் பக்தர்கள் மனம் புண்படாதா? வாலஸ் அதற்கு முன்பே வழி செய்திருந்தார். ஏசுநாதரின் வாயில் அவர் ஒரு வார்த்தையைக்கூடத் தன் கற்பனையால் வைக்கவில்லை. பைபிளில் உள்ள சொற்களையே வைத்தார்.

1880 நவம்பர் 12-ந் தேதி நாவல் வெளிவந்தது. முதல் 7 மாதத்தில் விற்றது சுமார் 2,800 பிரதிகள்தான்!

ஜனாதிபதியின் கடிதம்

ஆனால் படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டாரிடம் சொன்னார்கள். பாதிரியார்கள் பிரசங்கத்தில் சொன்னார்கள். “நாவல் படிப்பது பாவம்” என்று ஒதுக்கி வைத்திருந்த குடும்பங்கள்கூட இந்த நாவலை வீட்டுக்குள் அனுமதித்தன.

1881 ஏப்ரல் மாதம் ஜனாதிபதி கார்பீல்டு இதைப் படித்து முடித்தார். உடனே பேனாவை எடுத்து, வாலசுக்கு நன்றிக் கடிதம் எழுதினார். அதோடு நிற்கவில்லை. துருக்கிக்கு அமெரிக்கத் தூதராக வாலசை நியமித்தார். கீழை நாட்டில் தங்கினால் இன்னொரு நாவல் எழுதுவார் என்பது ஜனாதிபதியின் ஆசை!

சில மாதங்களில் கார்பீல்டு சுடப்பட்டு இறந்தார். வாலஸ் 1885 வரை துருக்கியில் இருந்தார். அப்போது பாலஸ்தீனம் போய், தான் எழுதிய இடங்களை எல்லாம் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு இடத்தில்கூடத் திருத்த வேண்டிய தேவை இல்லை என்று கண்டு பூரித்துப் போனார்.

தளபதி கிராண்டும் இதைப் படித்தார். ஜனாதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நாவல் படிக்கும் வழக்கமே அற்றுப்போன அவர், 30 மணி நேரம் கீழே வைக்காமல் படித்து முடித்தார் என்று சொல்வார்கள். 1885-ல் சாகும் தறுவாயில் கிராண்ட் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அப்போது ஷைலோ சம்பந்தமான பழைய கடிதம் ஒன்று அவர் பார்வைக்கு வந்தது. வாலஸ் மீது சொன்ன குற்றத்தைக் குறைத்து, ஒரு அடிக்குறிப்பு சேர்த்தார். 23 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த பாதி நியாயம்!

வாசகர்களுக்குப் பதில்

1889-க்குள் 4 லட்சம் பிரதிகள் விற்றன. கடிதங்கள் மலைபோலக் குவிந்தன. குடியை விட்டதாக எழுதியவர் உண்டு. இழந்த நம்பிக்கை திரும்பி வந்ததாக எழுதியவர்களும் உண்டு.

அனுதாபக் கடிதங்களுக்கு என்ன காரணம்? புத்தகத்தின் முதல் பக்கத்தில், தன் இளமைக்கால மனைவிக்கு இதைக் காணிக்கை ஆக்குவதாக வாலஸ் எழுதியிருந்தார். படித்தவர்கள், “ஐயோ, மனைவி இளமையிலேயே இறந்துவிட்டார் போல!” என்று நினைத்துவிட்டார்கள். பிறகு வந்த பதிப்புகளில், அந்த மனைவி இன்னும் தன்னோடுதான் இருக்கிறார் என்று வாலஸ் சேர்த்து அச்சிட வேண்டியதாயிற்று.

“இதை எப்படி எழுதினீர்கள்?” என்று கேட்காதவர் இல்லை. 1893-ல் இளைஞர்களுக்கான பத்திரிகை ஒன்றில் அந்தக் கதையை அவர் முழுவதும் சொன்னார். ரெயில் விவாதத்தையும், தன் அறியாமையையும் மறைக்கவில்லை. தான் எந்தச் சபையிலும் உறுப்பினர் அல்ல என்பதையும் சொன்னார். ஆனால், நாவலை எழுதி முடிப்பதற்குள் கடவுளிடத்திலும் ஏசுநாதரிடத்திலும் தனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது என்றார். வாசகர்களின் அன்புக்கு அவர் கொடுத்த கைமாறு, அந்த உண்மைதான்.

1899-ல் கதை நாடகம் ஆனது. ஏசுநாதராக ஒரு நடிகர் வேஷம் போடுவதற்கு வாலஸ் சம்மதிக்கவே இல்லை. ஆகையால் மேடையில் ஒரு ஒளிக்கதிரே ஏசுநாதரைக் குறித்தது. ரதப் பந்தயத்திலோ, நிஜக் குதிரைகள் இருந்த இடத்திலேயே ஓடின!

வாலஸ் இறந்த பிறகும் புத்தகத்தின் ஓட்டம் நிற்கவில்லை. 1913-ல் “சியர்ஸ்” என்ற வியாபார நிறுவனம், மலிவு விலையில் விற்பதற்காக ஒரே தடவையில் 10 லட்சம் பிரதிகள் அச்சிட்டது.

முடித்து வைத்த மனைவி

முதுமையில் வாலஸ் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கினார். வாஷிங்டனைக் காப்பாற்றிய மொனாக்கசி சண்டை வரையில் எழுதினார். அதற்குள் புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. 1905 பிப்ரவரி 15-ந் தேதி கண்ணை மூடினார். அப்போது அவருக்கு வயது 77.

எழுதியது பாதியில் நின்றது. அதை எடுத்து, ஒரு எழுத்தாளத் தோழியின் உதவியோடு முடித்து, 1906-ல் உலகத்துக்குக் கொடுத்தவர் யார் தெரியுமா?

சூசன்தான்! இறந்துவிட்டதாக நினைத்து வாசகர்கள் கண்ணீர் விட்டார்களே, அதே மனைவி!

மறு ஆண்டு அவரும் கணவரைப் பின்தொடர்ந்தார்.