பாட்டியின் காணொளிகள் ரவுட்டரைத் தாண்டிப் போவதில்லை

வீட்டில் பழைய விண்டோஸ் கணினி ஒன்று. சில நாள்களாக அதன் வன்தட்டு கடகடவென்று சத்தம் போடுகிறது. உள்ளே காலஞ்சென்ற பாட்டி பேசும் காணொளிகள், அக்காவின் திருமணப் படங்கள், எல்லாம் சேர்த்து 40 ஜிகாபைட். புதிதாக வாங்கியதோ மேக் மடிக்கணினி. போன மாதம் என் மாணவர் ஒருவர் இந்தச் சிக்கலோடு வந்தார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று காத்திருக்கலாம்.

"இணைய வேகத்தைக் கூட்டணுமா டீச்சர்?" என்றுதான் முதலில் கேட்டார். வேண்டியதில்லை. ஒரே வீட்டில் உள்ள இரு கணினிகளுக்கிடையே செல்லும் கோப்பு, ரவுட்டர் வரை போய் அப்படியே அடுத்த கணினிக்குத் திரும்பிவிடும். இணையத் தொடர்பு அறுந்து கிடந்தாலும் வேலை நடக்கும். ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் ஒரு முகவரியைக் கொடுத்திருக்கும். அது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும். அண்டை வீட்டிலும் அதே எண் இருக்கலாம்; குழப்பம் வராது.

சரி, விண்டோசும் மேக்கும் ஒன்றையொன்று எப்படிப் புரிந்துகொள்கின்றன? விண்டோஸ் தன் தட்டில் கோப்புகளை அடுக்கும் முறை என்டிஎஃப்எஸ். அந்தத் தட்டைக் கழற்றி மேக்கில் நேரடியாக இணைத்தால் படிக்கலாம், எழுத முடியாது. வலையமைப்பில் இந்தத் தொல்லை இல்லை. மாமாக் கடையில் தே தாரிக் கேட்கிறோம். உள்ளே என்ன அடுப்பு எரிகிறது என்று எட்டிப் பார்ப்பதில்லை. மேக்கும் "இந்தக் கோப்பைக் கொடு" என்று மட்டுமே கேட்கும். தட்டிலிருந்து எடுத்துத் தருவது விண்டோசின் பாடு. இப்படிக் கேட்கும் மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர். 1983இல் ஐபிஎம் நிறுவனத்தில் பேரி ஃபைகன்பாம் உருவாக்கியது. 2013 முதல் மேக் கணினிகளும் தங்களுக்குள் கோப்புகளைப் பகிர முதலில் நாடுவது இதைத்தான்.

செய்முறை எளிது. விண்டோசில் உங்கள் வலையமைப்பு 'தனியார்' என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். கோப்புறையை வலப்பக்கம் சொடுக்கி, பண்புகளுக்குள் சென்று பகிர்வைத் திறந்துவிடுங்கள். மேக்கின் ஃபைண்டரில் கமாண்ட் விசையோடு கே-யை அழுத்தி, எஸ்எம்பி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பிறகு பழைய கணினியின் முகவரியைத் தட்டச்சு செய்யுங்கள். கடவுச்சொல் கேட்கும். பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்: தினமும் தட்டும் பின் எண் இங்கு செல்லாது, கணக்கின் முழுக் கடவுச்சொல் வேண்டும். விருந்தினருக்கான வைஃபையில் இணைந்திருந்தால் கணினிகள் பெரும்பாலும் ஒன்றையொன்று பார்க்கவே முடியாது.

இனி வேகம். இரண்டு கணினிகளும் ஒரே வைஃபை அலைவரிசையில் இருந்தால், ஒவ்வொரு பைட்டும் இருமுறை காற்றில் பறக்கிறது: ரவுட்டருக்கு ஒருமுறை, அங்கிருந்து இன்னொருமுறை. ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும் என்பதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். பழைய கணினியை மட்டுமாவது கேபிளில் ரவுட்டரோடு இணையுங்கள். கேபிள் துளை 100 மெகாபிட் என்றால், எட்டால் வகுக்க, வினாடிக்கு 12.5 மெகாபைட். 40 ஜிகாபைட்டுக்குக் கணக்குப்படி 53 நிமிடங்கள். நடைமுறையில் இன்னும் சற்று கூடும்.

சத்தம் போடும் தட்டுக்கு எவ்வளவு ஆயுள் மிச்சம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே மொத்தமாக இழுத்துப் போடாதீர்கள். பாட்டியின் கோப்புறை முதலில், பதிவிறக்கிய திரைப்படங்கள் கடைசியில். 'வெட்டு' வேண்டாம், 'நகல்' போதும். முடிந்ததும் மேக்கில் சில காணொளிகளைக் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள், பிறகு பகிர்வை அடைத்துவிடுங்கள்.