மறைந்து நிற்கும் குணம்

நெட்டையாய் வளரும் நெற்பயிர் சாய்ந்து மணி வீணாவதை அங்கத்தினர்கள் அறிவார்கள். இதற்குப் பரிகாரமாகப் பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 1962-ஆம் வருஷத்தில் 'பீட்டா' என்னும் நெட்டை நெல்லையும், தைவான் தேசத்துக் குட்டை நெல் ஒன்றையும் கலப்புச் செய்தனர். முதல் தலைமுறைப் பயிர் யாவும் நெட்டையாகவே வளர்ந்தன. குட்டைக் குணம் அழிந்துவிட்டதோ? அன்று. உயரத்தை நிர்ணயிக்கும் 'ஜீன்' தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வருகிறது. நெட்டை ஜீன் ஒன்றிருப்பினும் குட்டை ஜீன் மறைந்து நிற்கும். அப்பயிரின் மணிகளை விதைத்தபோது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குட்டையாயின. இரண்டு ஜீனும் குட்டையாக அமைந்தவை அவையே. அவற்றினின்று பொறுக்கியெடுத்ததே 1966-இல் வெளியான ஐ.ஆர். 8. ஆதலின், இத்தகைய கலப்புப் பயிரில் குட்டையின் வித்து குட்டையையே தரும். நெட்டையின் வித்தையோ அடுத்த போகத்தில் விதைத்துப் பார்த்தன்றி நம்பலாகாது.