செல்லைச் சாகவிடாத கிருமி

திருவரங்குளத்திலானாலும் சென்னையிலானாலும், காசநோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் கிருமி அடுத்தவரின் நுரையீரலுக்குள் போகிறது. அங்கே மேக்ரோபேஜ் என்னும் காவல் செல்கள் அதை விழுங்குகின்றன. கிருமியோ விழுங்கிய செல்லுக்குள்ளேயே குடியேறிவிடுகிறது.

கிருமி புகுந்த செல்லிடம் கடைசியாக ஓர் ஆயுதம் உண்டு: தானே செத்துப்போவது. இந்தத் திட்டமிட்ட சாவில் செல் வெடிப்பதில்லை. சுருங்கி, சிறு பொட்டலங்களாக உடைகிறது. பிற செல்கள் அவற்றை விழுங்கும்போது கிருமிகள் பலவும் மடியும். கிருமியின் துணுக்குகளைக் கண்டு டி செல்கள் என்னும் எதிர்ப்புச் செல்களும் விழித்துக்கொள்ளும். எவ்வளவு அழகான தற்காப்பு!

அதைத்தான் கிருமி முடக்குகிறது. அது ஒருமுறை இரண்டாகப் பிரியவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதுவரை வீடு இடியக்கூடாது. 2007-இல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘என்யுஓஜி’ என்ற மரபணுவைக் கிருமியிலிருந்து நீக்கினார்கள். அந்தக் கிருமி புகுந்த செல்கள் அதிகமாகத் தாமே மடிந்தன. எலிகளில் அதன் வீரியமும் குறைந்தது. கிளமிடியா பாக்டீரியாவும் தான் தங்கிய செல்லை இப்படித்தான் சாகவிடாமல் காக்கிறது.

போதிய அளவு பெருகியபின் காசநோய்க் கிருமி செல்லைச் சிதைத்து வெளியேறிப் பரவுகிறது.

இப்படி ஒளிந்திருக்கும் எதிரியை ஒழிக்கப் பல மாத மருந்து தேவை. அதை வீட்டிலிருந்தே உட்கொண்டும் குணமாகலாம் என்று உலகுக்குக் காட்டியது 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம்.